ரேம் ஸ்டிக்கில் ஏன் ஒரு வெட்டு?

கணினியில் போடும் ரேம் ஸ்டிக் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கீழ் விளிம்பில் தங்க நிறத் தொடுமுனைகள் பற்கள் மாதிரி வரிசையாக இருக்கும். அந்த வரிசையில், சரி நடுவில் இல்லாமல் கொஞ்சம் தள்ளி, ஒரு சின்ன வெட்டு இருக்கும். வீடியோ எடிட் செய்யும்போது கணினி திணறினால் "ரேமைக் கூட்டு" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பல நேரம் அது சரியான ஆலோசனைதான். ஆனால் கடையில் இருக்கும் எல்லா ரேமும் உங்கள் கணினிக்குப் பொருந்தாது. தவறானதைத் திணித்துவிடாமல் தடுக்கத்தான் அந்த வெட்டு. அது அங்கே வந்து சேர்ந்த கதை கொஞ்சம் நீளமானது.

1950களிலும் 60களிலும் கணினியின் நினைவகத்தைக் கையால் கோத்தார்கள். உண்மையாகவே கோத்தார்கள்! கடுகு மாதிரிச் சின்ன காந்த வளையங்களுக்குள் மெல்லிய கம்பிகளை நுழைத்து, வலை போலச் செய்தார்கள். ஒரு வளையத்துக்கு ஒரு பிட். இந்த வேலையைப் பெரும்பாலும் செய்தவர்கள் தொழிற்சாலைப் பெண்கள். கணினி வரலாறு எழுதுகிறவர்கள் அவர்களை ஒரு வரியில் கடந்துபோய்விடுகிறார்கள். நானும் இப்போது அதைத்தான் செய்கிறேன். அவர்களைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும்.

1966இல் ஐபிஎம் நிறுவனத்தில் வேலை செய்த ராபர்ட் டெனார்ட் என்பவருக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு பிட்டைச் சேமிக்க ஒரே ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் போதும். மின்தேக்கியைச் சின்ன வாளி என்று நினைத்துக்கொள்ளுங்கள். மின்னூட்டம் நிறைந்திருந்தால் 1, காலியாக இருந்தால் 0. ஒரே சிக்கல், அது ஓட்டை வாளி. அதனால் ஒழுகிப் போவதற்குள் திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டும். இன்றைய ரேமிலும் ஏறக்குறைய 64 மில்லிவினாடிக்குள் ஒவ்வொரு வாளியும் ஒருமுறை நிரப்பப்படுகிறது. மின்சாரம் போனால் நிரப்ப ஆளில்லை. நீங்கள் சேவ் பண்ணாத எடிட் வேலை மறைந்துபோவது இதனால்தான்.

டெனார்டின் யோசனைக்கு 1968இல் காப்புரிமை கிடைத்தது. 1970இல் இன்டெல் இந்த வாளி முறையில் 1103 என்ற சிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் 1024 பிட்கள். அது எவ்வளவு சின்னது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் எடுக்கும் முழு எச்டி வீடியோவின் ஒரு படத்தில் 1920க்கு 1080 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு நான்கு பைட் வைத்தால் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 8.3 மெகாபைட். அந்த ஒற்றைப் படத்தைப் பிடித்து வைக்க 64,800 இன்டெல் 1103 சிப்கள் வேண்டும். ஒரு வினாடி வீடியோவுக்கு இப்படி முப்பது படங்கள்.

1981இல் ஐபிஎம்மின் பிசி வந்தபோது அடிப்படை மாடலில் 16 கிலோபைட் நினைவகம்தான் இருந்தது. கூட்ட வேண்டுமானால் பூச்சிக்கால் போன்ற கால்கள் உள்ள சிப்களை வாங்கி, ஒவ்வொன்றாகச் சாக்கெட்டில் அழுத்த வேண்டும். ஒரு கால் வளைந்தாலும் வேலை கெட்டது. கணினி சூடாகிச் சூடாகிக் குளிரும்போது சிப்கள் மெல்ல மெல்ல மேலே கிளம்பி வந்துவிடும். மூடியைத் திறந்து கட்டைவிரலால் அமுக்கி உட்கார வைப்பார்கள். அதுதான் அன்றைய ரிப்பேர்.

1983இல் வாங் லேபரட்டரீஸ் நிறுவனம் சிப்களை ஒரு சின்னப் பலகையில் பற்றவைத்து, பலகையோடு செருகும் வழியைக் கொண்டுவந்தது. அதற்கு சிம் என்று பெயர். போனில் போடும் சிம் இல்லை, வேறு! முதலில் வந்த 30 தொடுமுனை சிம் ஒரு நேரத்தில் 8 பிட் கொடுத்தது. 486 கணினி ஒரே வாயில் 32 பிட் கேட்டது. ஆகவே நான்கு சிம்களைச் சேர்த்துத்தான் போட வேண்டும். மூன்று போட்டால் பலன் இல்லை. இன்றும் ரேமை இரண்டிரண்டாகப் போடச் சொல்கிறார்கள், ஆனால் காரணம் வேறு. இன்று ஒன்றைப் போட்டாலும் கணினி ஓடும். இரண்டு போட்டால் இரண்டு பாதையில் தரவு போவதால் வேகம் கூடும்.

பிறகு வந்தது டிடிஆர் தலைமுறைகள். இங்கேதான் வெட்டு முக்கியமாகிறது. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டிலும் 240 தொடுமுனைகள், நீளமும் ஒன்றே. ஆனால் ஒன்றுக்கு 1.8 வோல்ட், மற்றதற்கு 1.5 வோல்ட். மாற்றிப் போட முடிந்திருந்தால் எத்தனை கணினி கெட்டிருக்கும்? ஆகவே வெட்டை இடம் மாற்றினார்கள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 தொடுமுனைகள், அங்கேயும் அதே தந்திரம். இதையெல்லாம் முடிவு செய்வது ஜெடெக் என்ற அமைப்பு. சந்தையில் ஒருவரை ஒருவர் விழுங்கப் பார்க்கும் நிறுவனங்கள் அங்கே ஒரே மேசையில் உட்கார்ந்து, வெட்டு எந்த இடத்தில் வர வேண்டும் என்று பேசுகின்றன. எனக்கு இது ஒரு அதிசயமாகத்தான் தெரிகிறது. ஒரு நிறுவனத்தின் ரேமை இன்னொரு நிறுவனத்தின் கணினியில் நீங்களே வீட்டு மேசையில் வைத்துப் போட முடிவது அந்தப் பேச்சால்தான்.

எடிட்டிங் மென்பொருளின் பக்கம் சுருக்கமாக. அடோபி பிரீமியர் 1991இல் மேக்கில் வந்தபோது வீடியோ தபால்தலை அளவில்தான் ஓடியது. பின்னால் வந்த 32 பிட் மென்பொருள்கள் எவ்வளவு ரேம் இருந்தாலும் 4 ஜிபிக்கு மேல் எட்ட முடியாமல் நின்றன. 2010இல் பிரீமியர் 64 பிட்டுக்கு மட்டும் என்று மாறிய பிறகுதான் கூடுதல் ரேமுக்கு முழுப் பயன் கிடைத்தது. இன்று 4கே வீடியோவின் ஒரு படம் விரித்தால் 33 மெகாபைட், ஒரு வினாடி கிட்டத்தட்ட ஒரு ஜிபி. முழு எச்டிக்கு 16 ஜிபி போதும், 4கேக்கு 32 இருந்தால் நிம்மதி என்பது என் கருத்து.

ஆனால் காசைக் கொடுக்கும் முன் எடிட் செய்துகொண்டே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். மெமரி நிரம்பி வழிந்தால் ரேம்தான் பிரச்சினை. பாதி காலியாக இருந்தால் குற்றவாளி வேறு எங்கோ இருக்கிறான். பிறகு உங்கள் மதர்போர்டு எந்த டிடிஆர், அதிகபட்சம் எத்தனை ஜிபி ஏற்கும், காலி இடம் உண்டா என்று அதன் கையேட்டில் பாருங்கள். மடிக்கணினிக்கு நீளம் குறைந்த வேறு வகை ஸ்டிக் வேண்டும். வேகம் வேறுபட்ட இரண்டைச் சேர்த்துப் போட்டால், இரண்டும் ஒத்துப்போனாலும் மெதுவானதன் வேகத்தில்தான் ஓடும்.

கையேட்டில் "ரேமைக் கூட்ட முடியாது" என்றே இருக்கலாம். 2008இல் மேக்புக் ஏர் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்து வந்தது. 2012இல் ரெட்டினா மேக்புக் புரோவும் அப்படியே. பின் பல நிறுவனங்கள் அதே வழியில் போயின. மெல்லியதாக இருக்கும், மின்சாரம் குறைவு, சிப் அருகில் இருப்பதால் வேகம் என்று காரணம் சொல்கிறார்கள். பொய் இல்லை. ஆனால் 8 ஜிபியோடு வாங்கியவருக்கு அது என்றைக்கும் 8 ஜிபிதான். படிக்கிற வயதில் மலிவானதை வாங்கிப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்ற வழி அங்கே அடைபட்டுவிட்டது.

2022இல் டெல் நிறுவனம் கேம் என்ற புதிய வகை ரேம் பலகையைத் தன் மடிக்கணினியில் வைத்தது. 2023 டிசம்பரில் ஜெடெக் அதிலிருந்து கேம்2 என்ற பொதுத் தரத்தை வெளியிட்டது. அது தட்டையாக மதர்போர்டின் மேல் படுத்துக்கொள்ளும், அதிக உயரம் பிடிக்காது. இதுவரை பற்றவைத்தே வந்த வகை ரேமையும் அதில் கழற்றி மாட்டலாம். அதைப் பிடித்து வைத்திருப்பது சில திருகாணிகள் மட்டும்.