திருவொற்றியூர்ப் புல்லட்டும் குரூசர் மரபும்

நம் நாட்டில் குரூசர் மோட்டார் சைக்கிள்மீது உண்டான அபிமானம், அமெரிக்க மில்வாக்கி நகரத்து ஹார்லி-டேவிட்சன் 2009ஆம் ஆண்டு தன் வருகையை அறிவித்த பின்னரே தோன்றியதென்றும், அதற்கு முன் இங்கு ஓடிய புல்லட், போட்டியற்ற லைசென்ஸ் காலத்தில் தேங்கிக் கிடந்த ஆங்கிலேய எச்சமேயென்றும் ஒரு கொள்கை வழங்கி வருகிறது. இதன் முற்பகுதியை மறுக்க அதிகப் பிரயாசை வேண்டியதில்லை. பஜாஜின் எலிமினேட்டர் 2001இலும் என்ஃபீல்டின் தண்டர்பேர்டு 2002இலும் வந்துவிட்டன. அவற்றின் உயர்ந்த கைப்பிடியும் தாழ்ந்த இருக்கையும் அமெரிக்கச் சாயலென்பதை நான் மறுக்கவில்லை. பிற்பகுதியே விசாரணைக்குரியது.

நம் ராணுவம் 350 சி.சி. புல்லட்டுகள் 800 தருவித்த செய்தி பிரசித்தமானது. அதன் ஆண்டு 1952 என்பாரும் 1954 என்பாரும் உளராதலின் அதை இங்கு முடிவு செய்யத் துணியேன். மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் கூடி 1955இல் என்ஃபீல்டு இந்தியாவை நிறுவ, அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்ட பின்னரும் திருவொற்றியூர் நிற்கவில்லை.

ஆர்.கே.பேட்டையில் ஒரு மெக்கானிக் பட்டறையில் நான் கண்ட பழைய புல்லட்டின் வலப்புறத்தில், கியர் மிதிக்கு அருகே, குதிகாலால் அழுத்துதற்குரிய சிறு நெம்புகோல் ஒன்று உண்டு. முதல் கியர் நீங்கலாக எந்தக் கியரில் வண்டி ஓடினும், அதை ஒரே மிதியில் நியூட்ரலுக்குக் கொணர்வது அதன் தொழில். மேற்சொன்ன கொள்கையினர் இதைத் தேக்கத்தின் பிரத்தியட்ச சாட்சியாகக் கொள்வர். ஆனால் 1990களில் அமெரிக்காவுக்கு அனுப்பிய வண்டிகளில், இடக்கால் கியரே வேண்டுமென்ற அந்நாட்டு விதிக்கிணங்க, கியர் மிதியை இடப்புறத்துக்கு மாற்றிய அதே திருவொற்றியூர், உள்நாட்டு வண்டிக்கு வலப்புறத்தையே விட்டுவைத்தது. மாற்ற இயலாமையால் மாற்றவில்லை என்னும் வாதம் இவ்விடத்தே தளர்ந்து விழுகிறது. மாற்றாமைக்குச் செலவுக் கணக்கும் ஒரு காரணமாயிருக்கலாம். எனினும், ரயில்வே கேட்டிலும் சந்தைக் கூட்டத்திலும் அடிக்கடி நின்று, நிதானமாகவே செல்லும் நம் சவாரிக்கு இந்நெம்புகோல் ஏற்றதாயிருந்ததென்பதே என் துணிபு. கணக்கேட்டுச் சான்று காட்டி இதை நாட்டவியலாதாயினும், எழுபது மில்லிமீட்டர் துளையும் தொண்ணூறு மில்லிமீட்டர் வீச்சும் உடைய எஞ்சின், கனத்த ஃப்ளைவீலின் துணையோடு குறைந்த சுழற்சியிலேயே இழுத்துச் செல்லும் இயல்பினதாதல் இதற்கு அரண் செய்கிறது.

போட்டியின்மை என்ற வாதமும் முழுமையன்று. மைசூர் ஜாவாவும் ராஜ்தூத்தும் அருகிலேயே இருந்தன. 1980களின் நடுவே ஜப்பானியக் கூட்டுறவில் சிக்கனமான 100 சி.சி. வண்டிகள் வந்தன. அவற்றால் கம்பெனி நலிந்து, 1994இல் ஐஷர் கைக்குச் சென்றதும் உண்மையே. இலகுவான வண்டி கிடைத்தும் கனமான வண்டியை விடாதவர் ஒரு சாரார் இருந்தனரென்பதை அந்நலிவு பொய்யாக்கிவிடாது. அவர்கள் விரும்பியே அதைத் தேர்ந்தனர்.

அமெரிக்க வண்டியின் முன்வரலாறும் உல்லாசத்துக்கு மட்டும் உரியதன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எஞ்சிய ஹார்லிகள் டில்லியில் மூன்று சக்கரம் பூண்டு, 'பட்பட்டி' என்ற பெயரில், கன்னாட் பிளேசுக்கும் சாந்தினி சௌக்குக்கும் இடையே ஜனங்களைச் சுமந்தன. அந்த ஹார்லி 2020இல் தன் சொந்த வியாபாரத்தை இங்கு நிறுத்தி, ஹீரோவுடன் சேர்ந்து 2023இல் வெளியிட்ட எக்ஸ்440, மில்வாக்கிக்குப் புகழ் தந்த இரட்டைச் சிலிண்டரை விடுத்து, துளையினும் வீச்சு மிகுந்த ஒற்றைச் சிலிண்டரைக் கொண்டது. இதைத் திருவொற்றியூரின் நேர்ச் செல்வாக்கென்று சாதிக்க மாட்டேன். இந்நாட்டுச் சவாரியின் இயல்பை அவ்வெஞ்சின் ஏற்றதென்றளவில் கூறுவேன்.