யார் கூற்று? – அஜந்தாவைக் கண்ட கண்கள்

ஹைதராபாத்துக்கு வரும் உறவினர்களைச் சார்மினாருக்கும் சாலார்ஜங் அருங்காட்சியகத்துக்கும் அழைத்துப் போகிறோம். நாம்பள்ளி பப்ளிக் கார்டன்ஸ் அருங்காட்சியகத்துக்கு ஏனோ கூட்டிப் போவதில்லை. அங்கே அஜந்தா ஓவியங்களின் நகல்கள் இருக்கின்றன. அஜந்தாவுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். இன்று மகாராஷ்டிரத்தில் உள்ள அக்குகைகள் அன்று நிஜாம் ஆட்சிப் பகுதியில் இருந்தவை.

1819-இல் வேட்டைக்குப் போன இடத்தில் அவற்றைக் கண்ட ஜான் ஸ்மித்தும், 1844-இல் படியெடுக்க நியமிக்கப்பட்ட ராபர்ட் கில்லும் நம்ம சென்னை மாகாணப் படையினரே. கில் ஆண்டுக்கணக்கில் வரைந்த நகல்களில் பெரும்பாலானவை 1866-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் தீயில் அழிந்தன. பிறகு பம்பாய் ஓவியப் பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ் 1872 முதல் 1885 வரை மாணவர்களோடு படியெடுத்தார். அவற்றிலும் பல லண்டனில் தீக்கிரையாயின. 1909–11-இல் வந்த லேடி ஹெரிங்ஹாமுடன் வங்கத்து நந்தலால் போஸும் ஹைதராபாத்தின் சையத் அகமதுவும் வரைந்தார்கள்.

சுவர் ஒன்றுதான், கண்கள் வேறு. கில்லும் கிரிஃபித்ஸும் ஐரோப்பிய எண்ணெய் வண்ணப் பயிற்சியோடு பார்த்தார்கள். சுதேசி உணர்வில் வளர்ந்த வங்க ஓவியர்களோ தங்கள் கலைக்கான வழியையே அங்கே கண்டார்கள். அப்படியானால் மூலத்தையே நேரில் பார்த்துவிட்டால் போதுமா? 1920 வாக்கில் நிஜாம் அரசு அழைத்த இத்தாலிய வல்லுநர்கள் ஓவியங்களைக் காக்கப் பூசிய அரக்கு மெருகு, நாளடைவில் மஞ்சளித்துப் போயிற்று. நேரில் போனவர்களும் அந்த மஞ்சள் திரை வழியாகத்தான் பார்த்தார்கள்.

நம் சங்க அகப்பாடல்களில் ஒரே பிரிவைத் தலைவி ஒருவிதமாகவும் தோழி வேறுவிதமாகவும் சொல்வாள். புலவர் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்வதில்லை. யார் கூற்று என்று அறிந்த பிறகே நாம் பொருள் கொள்கிறோம். ஓவிய நகலையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

அதற்காக எல்லாப் பார்வையும் சரி என்று ஆகிவிடாது. வரைந்தவர் நின்ற இடம் தெரிந்தால், நகல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு உண்மையை நெருங்கலாம். சுவரில் இன்று உதிர்ந்துபோன பகுதிகளுக்கு அந்த நகல்களே சாட்சி.

நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிற 'நம்ம ஊரு' கூட ஒரு நகல்தானே! நாம் புறப்பட்டு வந்த ஆண்டோடு நின்றுபோன ஊர் அது. அதைச் சொல்லாமல் விட வேண்டியதில்லை. சொல்லும்போது, இது யார் கூற்று என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் போதும். மீதியை அவர்கள் தங்கள் கண்ணால் பார்த்துக்கொள்வார்கள்.