முத்து வித்த காசிலே ஒரு பள்ளிக்கூடம்

ஏ.எல். சோதினையோடு என்ர படிப்பு நின்றுவிட்டது. இப்ப ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. சரித்திரம் எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். புத்தாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லிச் சங்கத்தில் கேட்டபோது, வளைகுடாவில் இருந்த நாளில் பார்த்த ஒரு பழைய பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வந்தது.

2012இல் சார்ஜாவில் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் டுபாய் தேராவுக்குப் போய் அல் அஹமதியா பள்ளிக்கூடத்தைப் பார்த்தேன். அப்போது அது நூதனசாலை. 1912இல் தொடங்கிய பள்ளிக்கூடம். அஹமது பின் தல்மூக் என்ற முத்து வியாபாரியின் பெயரால் அவருடைய குடும்பம் நடத்தியது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் பணம் கட்டினார்கள். ஏழைப் பிள்ளைகளின் செலவை வியாபாரி ஏற்றார். பின்னாளில் டுபாயை ஆண்ட ஷேக் ராஷித்தும் அங்கே படித்தவர்தான்.

முத்து எங்களுக்கும் புதிதல்ல. 1905இல் மன்னார் மரிச்சுக்கட்டியில் முத்துச் சலாபம் நடந்தபோது, வளைகுடாவில் இருந்து அரபுச் சுழியோடிகள் வந்து எங்கட கடலிலும் மூழ்கினார்கள்.

பிறகு ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்தது. 1929இல் உலகப் பொருளாதாரமும் விழுந்தது. முத்து விலை படுத்தது. 1930களில் அந்தப் பள்ளிக்கூடம் சில வருசம் மூடிக்கிடந்தது. பிறகு அரச உதவியோடுதான் திறந்தார்கள். வியாபாரியின் நல்ல மனதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடலில் முத்துக்கு விலை இருக்குமட்டும்தான் அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பும் இருந்தது.

எங்கட நாட்டில் நடந்தது வேறு. அங்கேயும் ஒரு காலத்தில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் என்றால் கட்டணம். காசில்லாதவன் வாசலோடு திரும்பவேண்டியதுதான். கல்வி மந்திரியாக இருந்த கன்னங்கராவின் குழு 1943இல் அறிக்கை கொடுத்தது. 1945 ஒக்டோபர் முதலாம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கெட்டிக்காரக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மத்திய கல்லூரிகளும் புலமைப்பரிசிலும் வந்தன. எனக்கும் ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் கிடைத்தது. அந்தக் காசுக்காக ஐயா யாரிடமும் தலை சொறிந்து நிற்கவில்லை. அந்த அரசாங்கத்தோடு எங்களுக்குள்ள வழக்கு பெரிது, அது உங்களுக்கும் தெரியும். ஆனாலும் சண்டைக்குள்ளும் சோதினை நடந்தது, அதையும் சொல்லத்தான் வேணும்.

வளைகுடாவில் எண்ணெய் வந்தபிறகு தங்கட குடிமக்களின் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பள்ளிக்கூடம் கொடுத்தார்கள். வேலைக்குப் போன எங்களைப் போன்றவர்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தனியார் பள்ளிக்கூடம்தான். டுபாயில் 1961இல் இந்தியர்களும், மஸ்கட்டில் 1990இல் இலங்கையர்களும் தங்களுக்கென்று பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். அங்கேயும் கட்டணம் உண்டு.

என்னோடு வேலை செய்த மட்டக்களப்பு அண்ணர் ஒருவர், மகளை ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் விட்டிருந்தார். ஒரு தவணைக் காசு பிந்திப்போச்சு. சோதினை எழுத விடவில்லை. தெரிந்தவர்களிடம் சேர்த்துக் கட்டினோம். அடுத்த தவணைக்கு எங்களாலும் ஏலவில்லை. மனிசியையும் பிள்ளையையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, விமான நிலையத்தில் இருந்து வந்தவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். நாங்கள் கொடுத்ததும் முத்து வியாபாரி கொடுத்தது மாதிரித்தான். கையில் இருந்தபோது கொடுத்தோம், இல்லாதபோது நின்றுவிட்டது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கட சங்கமும் ஊரில் சில பிள்ளைகளுக்குப் படிப்புக்கு உதவுகிறது. கலைவிழாவில் சேர்ந்தால் அனுப்புகிறோம். சேராத வருசம் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? விழாக் காசை நம்பாமல், ஆளுக்கு ஒரு சிறு தொகை மாதாமாதம் போடுவோம். ஒரு பிள்ளையை எடுத்தால் ஏ.எல். முடியும்வரை விடுவதில்லை என்று சங்க யாப்பில் எழுதிவைப்போம். என்ர பங்கை இந்தச் சித்திரையில் இருந்தே தருகிறேன்.

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.