மேடை, திரை, மீண்டும் மேடை: மும்பை ராயல் ஓபரா ஹவுஸும் தில்லி ரீகலும் – ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

முனிர்காவில் மெட்ரோ ஏறி, மூன்றாவது நிலையமான ஹவுஸ் காஸில் வண்டி மாறினால் ராஜீவ் சவுக்கில் இறங்கலாம். அங்கிருந்து ரீகல் கட்டடம் சற்று நேர நடைதான். வழி கேட்டால் ஆட்டோக்காரரும் கடைக்காரரும் இன்றும் ‘ரீகல் பில்டிங்’ என்றே சொல்கிறார்கள். படம் ஓடுவது நின்றுபோய் ஆண்டுகள் பல ஆகியும் பெயர் மட்டும் இடத்தை விட்டு அகலவில்லை. மும்பை கிர்காமிலும் இதே கதைதான்: ராயல் ஓபரா ஹவுஸ் பூட்டிக் கிடந்த காலத்திலும் அதைச் சூழ்ந்த வட்டாரத்துக்கு ‘ஓபரா ஹவுஸ்’ என்றே பெயர். ஆனால் அங்கே 2016இல் கதவு திறந்தது.

நாடகத்துக்கும் சினிமாவுக்கும் பொதுவாகப் பயன்பட்ட இவ்விரு கட்டடங்களில் ஒன்று மேடைக்குத் திரும்பியது; மற்றது திரும்பவில்லை. இந்த வேறுபாட்டுக்கு என்ன காரணம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கூடவே இன்னொரு கேள்வியையும் எழுப்ப வேண்டியிருக்கிறது. ஒரு பழைய அரங்கை ‘மீட்கிறோம்’ என்னும்போது, அதை எந்த ஆண்டின் நிலைக்கு மீட்கிறோம்?

1. மன்னர் வருகையும் நிலக்கரித் தரகரும்

மும்பையில் இசை நாடகத்துக்கென ஓர் அரங்கு எழுப்பும் எண்ணம் 1908இல் உருவானது. அதற்குப் பின்னால் இருவர் இருந்தனர். ஒருவர் மாரிஸ் பாண்ட்மன். கல்கத்தாவைத் தளமாகக் கொண்டு ஆசிய நகரங்கள் தோறும் நாடகக் குழுக்களைச் சுழற்சி முறையில் அனுப்பிவந்த கேளிக்கை வணிகர். மற்றவர் ஜஹாங்கீர் பிராம்ஜி கராக்கா, நிலக்கரித் தரகு நிறுவனம் நடத்திய பார்சி. ஆக, அரங்கின் அஸ்திவாரம் கலை ஆர்வத்தோடு வணிகக் கணக்கும் சேர்ந்தே இடப்பட்டது. லண்டனிலிருந்து வரும் இசைக் கேளிக்கை நாடகக் குழுக்கள் கல்கத்தாவுக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ மும்பையில் சில வாரங்கள் ஆட ஓர் இடம் தேவைப்பட்டது.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இந்திய வருகையையொட்டி, வேலை முழுவதும் முடியும் முன்பே 1911இல் அரங்கு திறக்கப்பட்டது. பெயரில் உள்ள ‘ராயல்’ அந்த வருகையின் அடையாளம். அதே பயணத்தில்தான் மன்னர் 1911 டிசம்பர் 12 அன்று தில்லி தர்பாரில் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றும் அறிவிப்பை வெளியிட்டார். புது தில்லியும் கன்னாட் பிளேஸும் அந்த அறிவிப்பிலிருந்து பிறந்தவை. கன்னாட் பிளேஸ் இல்லையேல் ரீகலும் இல்லை. ஒரே மன்னரின் ஒரே பயணம் இரு அரங்குகளின் வரலாற்றிலும் தொடக்கப் புள்ளியாக அமைந்திருக்கிறது.

கட்டடம் பரோக் பாணியில், இந்திய வேலைப்பாடுகள் கலந்து அமைந்தது. எட்டுப் பிரிவுகளாகப் பகுக்கப்பட்ட குவிமாட விதானம், இரு பக்கங்களிலும் பெட்டி இருக்கைகள், சசூன் குடும்பம் அளித்த படிகச் சரவிளக்குகள் என ஆடம்பரத்துக்குக் குறைவில்லை. ஆனால் முழுமையான மேற்கத்திய ஓபரா அங்கே அன்றாட நிகழ்ச்சியாக ஒருபோதும் இருந்ததில்லை. வித்தைக்காரர்களின் காட்சிகளும் மராத்தி இசை நாடகங்களுமே அதை நிரப்பின. பால கந்தர்வா, தீனாநாத் மங்கேஷ்கர் போன்றவர்களின் குரலை ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கொண்டுபோனது அந்த விதானம்.

2. பேசும் படத்தின் வருகை

1931 மார்ச் 14 அன்று ‘ஆலம் ஆரா’ வெளியானது. இந்தியாவின் முதல் பேசும் படமான அது திரையிடப்பட்ட மெஜஸ்டிக் சினிமாவும் இதே கிர்காமில்தான் இருந்தது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று சென்னையில் ‘காளிதாஸ்’ வந்தது. மேடைக்கும் பேசும் படத்துக்கும் இடையிலான போட்டி ஒரே வட்டாரத்துக்குள் தொடங்கியதை ஓபரா ஹவுஸின் வரலாறு காட்டுகிறது.

போட்டி எனும் சொல்லைக்கூடக் கவனமாகத்தான் பயன்படுத்த வேண்டும். மேடையின் ஆட்களே திரைக்குப் போனார்கள். பெண் வேடத்துக்குப் புகழ்பெற்ற பால கந்தர்வா, 1935இல் வெளிவந்த ‘தர்மாத்மா’ படத்தில் ஆண் வேடம் ஏற்றார். தீனாநாத்தின் நாடகக் குழுவும் படத் தயாரிப்பில் இறங்கியது. தமிழ்நாட்டிலும் நாடகக் கொட்டகைகளில் ஸ்பெஷல் நாடகம் ஆடியவர்களே முதல் தலைமுறைத் திரை நடிகர்களானார்கள். ஆள் போன பிறகு கொட்டகை மட்டும் என்ன செய்யும்? அதுவும் பின்தொடர்ந்தது. 1935இல் ஓபரா ஹவுஸ் சினிமா அரங்காக மாற்றியமைக்கப்பட்டது.

3. திரை கேட்டவையும் மேடை இழந்தவையும்

ஒரு நாடக அரங்கு சினிமா அரங்காகும்போது அதன் உடலில் நிகழும் மாற்றங்களை மூன்றாகப் பகுத்துப் பார்க்கலாம்.

முதலாவது, பக்கவாட்டுப் பெட்டிகள். நாடகம் பார்க்கும்போது மேடையை ஓரத்திலிருந்து பார்ப்பதில் குறை ஒன்றுமில்லை. பார்ப்பவர் தாமும் பார்க்கப்பட வேண்டும் என்பதற்காகவே செல்வந்தர்கள் அந்த இருக்கையைக் கேட்டு வாங்கினார்கள். தட்டையான திரையை அங்கிருந்து பார்த்தால் முகமெல்லாம் நீண்டு கோணலாகத் தெரியும். விளக்கு அணைந்த அரங்கில் யாரும் யாரையும் பார்ப்பதுமில்லை. எனவே மேடையை ஒட்டிய அரசப் பெட்டிகள் பயனற்றுப்போய் நீக்கப்பட்டன.

இரண்டாவது, மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் அமரும் பள்ளம். ஊமைப் படக் காலத்தில்கூட அங்கே பியானோவும் பிடிலும் ஒலித்தன. ஒலி படச்சுருளிலேயே வந்துவிட்டதும் பள்ளம் மூடப்பட்டது. நாடு முழுவதும் கொட்டகை வாத்தியக்காரர்கள் வேலை இழந்த கதை அந்த மூடிய பலகைகளுக்கு அடியில் கிடக்கிறது.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத மாற்றம். மனிதக் குரலுக்குச் சுவரும் விதானமும் துணை செய்ய வேண்டும். ஒலி சற்று நேரம் நின்று கரைந்தால்தான் பாட்டு நிறைவாகக் கேட்கும். ஒலிபெருக்கியிலிருந்து வரும் வசனத்துக்கு அதே எதிரொலி பகை. சொல் சொல்லோடு மோதிக் குழம்பும். எனவே சினிமா அரங்குகள் ஒலியை உறிஞ்சும் பரப்புகளை நாடின. ஓபரேட்டர் அறையும் புதிதாக முளைத்தது. அரங்கின் மையம் முன்னாலிருந்த மேடையிலிருந்து பின்னாலிருந்த அந்த அறையின் சிறு சதுரத் துளைக்கு இடம்பெயர்ந்தது எனலாம்.

ஆயினும் மேடை அடியோடு அழிக்கப்படவில்லை. திரைக்குப் பின்னால் அது காத்திருந்தது. பிருத்விராஜ் கபூர் 1944இல் தொடங்கிய பிருத்வி தியேட்டர்ஸ் தன் இந்தி நாடகங்களை இதே ஓபரா ஹவுஸ் மேடையில் நடத்தியது. சினிமா நடிகர் ஒருவர் சினிமாவில் ஈட்டிய பணத்தைக் கொண்டு ஒரு சினிமா அரங்கில் நாடகம் போட்டார் என்பது இந்த வரலாற்றின் சுவையான முரண்.

4. பூட்டிய 23 ஆண்டுகள்

1952இல் கோண்டல் சமஸ்தானத்து மகாராஜா விக்ரம்சிங்ஜி கட்டடத்தைத் தம் வசமாக்கிக்கொண்டார். 1980களில் வீடியோவும் தொலைக்காட்சியும் பரவ, ஒற்றைத் திரை அரங்குகளின் வசூல் சரிந்தது. ஓபரா ஹவுஸ் 1993இல் மூடப்பட்டது. வைர வணிகம் குவிந்த வட்டாரத்தில், தெற்கு மும்பையின் நில மதிப்பில், வெறுமனே நிற்கும் ஒரு பழைய அரங்கு எத்தனை கட்டட ஒப்பந்தக்காரர்களின் கண்ணை உறுத்தியிருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

அது தப்பியதற்கு இரண்டு காரணங்களைக் குறிப்பிடலாம். ஒன்று, முழுக் கட்டடமும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. அந்தக் குடும்பம் அதை விட்டுவிடவில்லை. மற்றொன்று சட்டம். 1995இல் மும்பை மாநகருக்கென வகுக்கப்பட்ட பாரம்பரியக் கட்டட ஒழுங்குமுறைகள் இந்திய நகரங்களில் அவ்வகையில் முன்னோடியானவை. பட்டியலில் ஏறிய கட்டடத்தை நினைத்த மாத்திரத்தில் இடிக்க முடியாது. ஆனால் சட்டம் இடிப்பதைத் தடுக்குமே தவிர, ஒழுகும் கூரையை அடைக்காது. 2012இல் உலக நினைவுச்சின்ன நிதியம் தன் ஆபத்துப் பட்டியலில் ஓபரா ஹவுஸைச் சேர்த்தபோது அதன் நிலை உலகறிந்தது.

5. மீட்புப் பணி

பாரம்பரியக் கட்டடக் கலைஞர் ஆபா நாராயண் லாம்பாவின் தலைமையில் நடந்த பணியின் சிக்கல், பழுது பார்ப்பதைவிடத் தேர்ந்தெடுப்பதில் இருந்தது. கட்டடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரு காலங்கள் படிந்திருந்தன: 1911இன் பரோக் அலங்காரம், அதன்மேல் 1930களின் ஆர்ட் டெகோ மாற்றங்கள். கிடைத்த பழைய புகைப்படங்களை வைத்துத் தொலைந்துபோன உறுப்புகளின் வடிவத்தை மீட்டெடுக்க வேண்டியிருந்தது. அரசப் பெட்டிகள் மீண்டும் எழுந்தன. மூடிய வாத்தியப் பள்ளம் திறந்தது. சரவிளக்குகள் மறுபடி தொங்கின. குளிர்சாதனமும் மின் இணைப்புகளும் இன்றைய ஒலி, ஒளி வசதிகளும் அலங்காரத்துக்குப் பின்னால் மறைவாகப் புகுந்தன. இருக்கைகள் சுமார் 575 என வரையறுக்கப்பட்டன.

2016 அக்டோபரில் மும்பைத் திரைப்பட விழாவின் தொடக்கத்தோடு அரங்கு திறந்தது. மும்பையில் பிறந்த சோப்ரானோ பாடகி பட்ரீசியா ரொசாரியோ அங்கே பாடினார். 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

இங்கே ஓர் எளிய கணக்கு. 1911 முதல் 1935 வரை, அதாவது 24 ஆண்டுகள், இது முதன்மையாக மேடை. 1935 முதல் 1993 வரை, 58 ஆண்டுகள், முதன்மையாகத் திரை. மீட்பு எந்தக் காலத்தைத் தேர்ந்தது? குறைந்த காலத்தை. காரணங்கள் புரியாதவை அல்ல: 575 இருக்கைகளோடு ஒற்றைத் திரை பிழைக்காது, நாடகத்துக்கும் கச்சேரிக்கும் அது கச்சிதமான அளவு. ஆனால் மலிவு டிக்கெட்டில் வந்து விசிலடித்த இரு தலைமுறைப் பார்வையாளர்களின் காலம் இந்தத் தேர்வில் ஓர் இடைவேளையாகச் சுருங்கிவிட்டது. அலங்காரத்தை மீட்கும் கலை வளர்ந்த அளவுக்குப் பார்வையாளரை மீட்கும் கலை நம்மிடம் வளரவில்லை.

6. ரீகல்: வேறொரு முடிவு

1932இல் சர் சோபா சிங் கட்டிய ரீகலை வடிவமைத்தவர் வால்டர் சைக்ஸ் ஜார்ஜ். தொடக்கத்திலேயே நாடகம், சினிமா இரண்டையும் நடத்தும் நோக்கத்தோடு அமைந்த அரங்கு இது. ரஷ்ய பாலே குழுக்களும் ஆங்கில நாடகக் குழுக்களும் அங்கே ஆடின. பிருத்விராஜ் கபூர் நாடகம் போட்டார். அவர் மகன் ராஜ் கபூரின் படங்கள் அதே அரங்கில் ஓடின. ஒரு குடும்பத்தின் இரு தலைமுறைக்குள் மேடை திரையாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

விடுதலைக்குப் பின் தில்லியின் மேடை மண்டி ஹவுஸ் வட்டாரத்துக்கு நகர்ந்தது. ரவீந்திர பவன், திரிவேணி கலா சங்கம், 1971இல் கமானி அரங்கு என ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ரீகல் முழுநேரச் சினிமாவானது. 2017 மார்ச் 30 அன்று கடைசிக் காட்சிகளாக ராஜ் கபூரின் ‘மேரா நாம் ஜோக்கர்’, ‘சங்கம்’ ஓடின. அதே ஆண்டு டிசம்பரில் மதாம் துஸோ மெழுகுச் சிலைக் காட்சி ரீகல் கட்டடத்தில் திறந்தது; 2020க்குப் பிறகு அதுவும் அங்கில்லை. உயிருள்ள நடிகர், நடிகரின் நிழல், நடிகரின் மெழுகு உருவம்: ஒரு கட்டடம் 90 ஆண்டுகளுக்குள் கண்ட மூன்று அவதாரங்கள்.

புது அரங்குகள் வந்ததால்தான் ரீகல் மேடைக்குத் திரும்பவில்லை என்று முடிவு கட்ட இயலாது. மும்பையிலும் நாரிமன் முனையில் தேசிய நிகழ்கலை மையமும், 1978இல் ஜுஹுவில் பிருத்வி அரங்கும் வந்த பிறகுதான் ஓபரா ஹவுஸ் மீண்டது. வேறுபாடு கட்டடத்தின் தன்மையில் இருக்கிறது. ஓபரா ஹவுஸ் தனித்து நிற்கும் அரங்கு. அரங்கு என்ற பயனை எடுத்துவிட்டால் அது எதற்கும் உதவாது. ரீகல் கடைகளும் உணவகங்களும் சூழ்ந்த வணிகக் கட்டடத்தின் ஒரு பகுதி. அரங்கு ஓய்ந்தாலும் கட்டடம் சம்பாதிக்கும். தில்லியில் இதைவிடக் கடுமையான முடிவும் உண்டு. முனிர்காவாசிகளுக்கு ரீகலைவிட அருகில், சாணக்கியபுரியில், 1970 முதல் இயங்கிய சாணக்கியா சினிமா 2007 இறுதியில் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. இன்று அங்கே அதே பெயரில் ஒரு வணிக வளாகம் நிற்கிறது.

7. சென்னையும் செயின்ட் லூயிஸும்

சென்னையின் விக்டோரியா பப்ளிக் ஹால் இந்த வரிசையில் தனி இடம் பெறும். நம்பெருமாள் செட்டி கட்டிய அந்த மண்டபத்தில்தான் 1896 இறுதியில் சென்னையின் முதல் சினிமாக் காட்சிகள் நடந்தன. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபா நாடகம் போட்டதும் அங்கேதான். பின்னாளில் சென்னையின் சபாக்கள் பழைய படக்கொட்டகைகளைத் தேடிப்போகாமல் தமக்கென மண்டபங்கள் கட்டிக்கொண்டன.

அமெரிக்காவில் நடந்தது வேறு. செயின்ட் லூயிஸ் நகரில் 1925இல் திறந்த சினிமா மாளிகையை அந்நகரத்தின் இசைக்குழு வாங்கிப் புதுப்பித்து, 1968இல் பவல் ஹால் என்று தன் இல்லமாக்கிக்கொண்டது. அங்கே கட்டடம் தேடிய ஒரு குழு இருந்தது. ஆண்டு முழுக்க நிகழ்ச்சியும் சந்தாதாரரும் அதன் கையில் இருந்தனர். மும்பையில் கட்டடம் முதலில் மீண்டது. நிகழ்ச்சியைப் பிறகு தேட வேண்டியிருந்தது. நம் சபாக்களிடம் சந்தாதாரரும் நிகழ்ச்சியும் உண்டு. பழைய கொட்டகை ஒன்றை எடுத்து நடத்தும் வலிமை இந்தியாவில் யாருக்காவது இருக்குமானால் அது சபாக்களுக்குத்தான்.

முடிவுரை

இரு கட்டடங்களையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, இடிக்காமல் மூடி மறைத்ததையே எளிதில் மீட்க முடியும். ஓபரா ஹவுஸின் மேடை திரைக்குப் பின்னால் பிழைத்திருந்ததுதான் அதன் நல்வினை. இரண்டு, சட்டம் காலம் வாங்கிக் கொடுக்கும். காத்திருக்க உடையவர் வேண்டும். மூன்று, மீட்பு என்பது ஒரு காலத்தைத் தேர்ந்து இன்னொன்றைத் துறப்பது. எதைத் துறந்தோம் என்பதையும் பதிவு செய்தால்தான் அது வரலாறாகும்.

அவ்வகையில் ரீகலுக்கு ஒரு வசதி இருக்கிறது. மேடையா, திரையா என்ற தேர்வே அதற்குத் தேவையில்லை. வால்டர் ஜார்ஜ் 1932இலேயே இரண்டுக்கும் சேர்த்துத்தான் வரைந்திருக்கிறார்.