எண்ணிக்கையும் தாய்மையும்

குடிகளை எண்ணுதல் அரசின் கடமைகளுள் ஒன்று. எத்துணை வாய்கள் உள்ளன என்றறியாத அரசு, எத்துணை நெல் வேண்டும் என்றறிய இயலாது. பாரத நாடு முழுவதையும் ஒரே காலத்தில் எண்ணும் வழக்கம் 1881ஆம் ஆண்டில் தொடங்கிற்று. எண்கள் எவர் பக்கமும் சாய்வதில்லை. ஆயின், அவற்றைக் கையிலேந்தி ஆள்வோரும் அறிஞரும் பேசிய சொற்கள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. "குறைகின்றோம்" என்னும் அச்சமும் "பெருகுகின்றோம்" என்னும் அச்சமும் மாறி மாறி நாட்டை ஆட்கொண்டன. அவ்விரண்டையும் கண்ட நகரம் நாம் வாழும் இக்கல்கத்தா.

1909ஆம் ஆண்டில், சுரேந்திரநாத் பானர்ஜி நடத்திய 'பெங்காலி' என்னும் ஆங்கில நாளிதழில், இராணுவ மருத்துவரான உபேந்திரநாத் முகர்ஜி ஒரு கட்டுரைத் தொடர் வரைந்தார். 'அழிந்து வரும் இனம்' என்பது அதன் தலைப்பு. வங்கத்து இந்துக்கள் குறைந்தும் முஸ்லிம்கள் பெருகியும் வருகின்றனர். இந்நிலை நீடிப்பின் இந்துக்கள் இல்லாதொழிவர் என்பது அவர்தம் கூற்று. அதற்கு அடிப்படையாய் அமைந்தவை அரசின் கணக்கெடுப்பு அறிக்கைகளே. 1891ஆம் ஆண்டுக் கணக்கை வங்கத்தில் நடத்திய ஒ'டானல் என்னும் அதிகாரியே இத்தகைய கருத்துக்கு வித்திட்டிருந்தார். அலுவலகத்துத் தாளில் எழுதப்பட்ட ஊகம், மக்கள் நெஞ்சில் அச்சமாய் வளர்ந்து, அண்டை வீட்டாரை ஐயத்தோடு நோக்கச் செய்தது.

உண்மை யாது? மேற்கு வங்கத்திலும் நடு வங்கத்திலும் ஆறுகள் தூர்ந்து கிடந்தன. 1860களில் தொடங்கிய 'பர்துவான் காய்ச்சல்' ஊர் ஊராய்ச் சூறையாடிற்று. நதியா, ஜெஸ்ஸூர் முதலிய மாவட்டங்கள் மலேரியாவால் தேய்ந்தன. கிழக்கு வங்கத்திலோ, பேராறுகள் ஆண்டுதோறும் வண்டல் கொணர்ந்து நிலத்தை வளமாக்கின; குடிகள் பெருகினர். வங்கச் சுகாதாரத் துறையின் தலைவராயிருந்த பென்ட்லி, 1925ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஆற்றுக் கரைகளும் இருப்புப் பாதை மேடுகளும் வெள்ளத்தின் இயல்பான போக்கைத் தடுத்தமையால் நிலம் வளங்குன்றிக் காய்ச்சலும் மிகுந்தது என விளக்கினார். மேற்கில் இந்துக்களும் கிழக்கில் முஸ்லிம்களும் மிகுதியாய் வாழ்ந்தனர். ஆற்றின் வேறுபாட்டைச் சமயத்தின் வேறுபாடாகக் கண்டதே அக்காலப் பிழை. கொசுவுக்குச் சமயம் தெரியாதன்றோ!

1943ஆம் ஆண்டின் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் எல்லாச் சமயத்தாரும் மாண்டனர். விடுதலைக்குப் பின்னரும் உணவுப் பற்றாக்குறை நீடித்தது. அரசின் அச்சம் திசை மாறிற்று. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் ஆணையரான ஆர். ஏ. கோபாலசுவாமி, மூன்று குழந்தைகளுக்கு மேற்பட்ட பேற்றை 'முன்யோசனையற்ற தாய்மை' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரால் குறித்தார். தந்தையின் முன்யோசனையைப் பற்றி அத்தொடரில் ஒரு சொல்லும் இல்லை. 1952ஆம் ஆண்டில் அரசே குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை மேற்கொண்டது. பின்னர்ச் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளரான கோபாலசுவாமி, கருத்தடை அறுவைக்கு ஆதரவாய் நின்றார். 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்பது சுவர்தோறும் எழுந்தது. நெருக்கடி நிலையின்போது, 1976–77ஆம் ஓராண்டில் மட்டும் 80 இலட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நிகழ்ந்தன; பல இடங்களில் வற்புறுத்தலும் நடந்தது. 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்கள் விடையிறுத்தனர். 'குடும்பக் கட்டுப்பாடு' என்னும் பெயரும் 'குடும்ப நலம்' என மாறிற்று.

தமிழகத்தில் பிறப்பு விகிதம் தணிந்த வரலாறு வேறு. பெண்கள் பள்ளி சென்றனர். திருமண வயது உயர்ந்தது. சிற்றூர்களிலும் சுகாதார நிலையங்கள் எழுந்தன. 1956ஆம் ஆண்டிலும் 1982ஆம் ஆண்டிலும் விரிவடைந்த மதிய உணவு பிள்ளைகளின் பசி தீர்த்தது. பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற உறுதி தாய்க்கு வந்தது. அரசின் பிரசாரத்துக்கும் இதில் பங்குண்டு. ஆயின் உறுதி பிறந்த பின்னரே அது செவியில் ஏறிற்று.

இன்று சக்கரம் மீண்டும் சுழன்றுள்ளது. மக்கள் தொகை நிலைபெற ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.1 குழந்தைகள் வேண்டும். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழகத்தின் அளவு 1.8, மேற்கு வங்கத்தின் அளவு 1.6. குடும்பத்தைச் சுருக்கிய மாநிலங்கள் நாடாளுமன்ற இடங்களை இழத்தலாகாதென 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தம் இடங்களின் பங்கீட்டை நிறுத்தி வைத்தது. 84ஆம் திருத்தம் அதனை 2026ஆம் ஆண்டுக்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கு வரை நீட்டித்தது. அக்காலம் நெருங்கவே, 2024 அக்டோபரில் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு கூடுதற் குழந்தைகள் வேண்டுமென்றார். தமிழக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் ஒரு திருமண விழாவில், இடங்கள் குறையும் நிலை கண்டு, பதினாறு பெற்றாலென்ன என்று எண்ணத் தோன்றுகிறது என்றார். இடங்களைப் பற்றிய முறையீடு நியாயமானதே. அறிவுரை கேட்டு நடந்தவன் தண்டனை பெறலாகாது. ஆயின் அதற்குரிய தீர்வு அரசியற் சட்டத்தில் உள்ளது. மணப்பெண்ணின் மடியில் அன்று.

தமிழ் ஆட்சிமொழியாய் விளங்கும் சிங்கப்பூரும் இதற்குச் சான்று. 1972ஆம் ஆண்டில் 'இருவரோடு நிறுத்துக' என்ற அரசு, 1987ஆம் ஆண்டில் 'வசதியுடையோர் மூவரையோ அதற்கு மேலுமோ பெறுக' என்றது. முதற் சொல் எளிதில் பலித்தது. இரண்டாவது சலுகை பல வழங்கியும் பலிக்கவில்லை.

நம் கொல்கத்தா மாநகராட்சி எல்லைக்குள் 2001ஆம் ஆண்டில் 45.73 இலட்சமாயிருந்த மக்கள், 2011ஆம் ஆண்டில் 44.97 இலட்சமாயினர். பிறப்பு குறைந்ததும், பலர் புறநகர் சென்றதும் காரணங்கள். லேக் மார்க்கெட் சுற்றுப்புறத்தில் வாழும் நம்மவரும் இதனை அறிவர். ஒரே மகனோ மகளோ பெங்களூரிலோ கடல் கடந்தோ இருக்க, முதியோர் இருவராய் வாழும் வீடுகள் நம்மிடையே பல. அவர்களுக்கு வேண்டுவது துணையும் மருத்துவமும். இளம் தாய்க்கு வேண்டுவது வேலையிற் பாதுகாப்பும் குழந்தைக் காப்பகமும்.

நூறாண்டுக்கு மேலாக அரசுகள் தாயைப் படர்க்கையிலேயே பேசி வந்துள்ளன. குறைந்தால் அவள் கடமை தவறியவள், மிகுந்தால் முன்யோசனையற்றவள். அவளை முன்னிலையில் நிறுத்தி, "உனக்கு யாது வேண்டும்?" என வினவும் அரசே எண்ணிக்கையின் பொருளுணர்ந்த அரசாகும். அவ்வினாவை நம் இல்லங்களில் நாம் முதலிற் கேட்போமாக.