வில்லும் வானவில்லும்

மழை ஓய்ந்து வெயில் எறிக்கும் வேளையில் வானில் வளைந்து தோன்றும் ஏழு வண்ணத்தைத் தமிழர் 'வானவில்' என்றனர். திருவிவிலியத்தின் எபிரேய மொழியிலும் இதே நிலைதான். நோவாவுக்கு இறைவன் முகிலில் காட்டிய அடையாளத்திற்கும், யோனத்தான் தாவீதுக்கு ஈந்த போர்க்கருவிக்கும் அங்கே ஒரே சொல்தான் வழங்குகிறது. தம் போர்வில்லை இறைவன் முகிலில் மாட்டி வைத்துவிட்டார் என்று இதற்கு விளக்கம் தரும் விவிலிய அறிஞர்கள் உண்டு. மனிதன் தன் வில்லை அவ்வாறு மாட்டி வைத்தானா?

வில்லின் தொன்மை வியப்பூட்டுவது. இலங்கையின் பாகியன் குகையில் கிடைத்த எலும்பு அம்பு முனைகள் ஏறத்தாழ 48,000 ஆண்டுகள் பழமையானவை என 2020-இல் ஆய்வாளர் அறிவித்தனர். வேடன் தன் பசிக்காகக் கண்ட கருவி இது. பின்னரே அது போர்க்களம் புகுந்தது.

நம் மண்ணில் சேரரின் இலச்சினை வில். அதை அவர்தம் காசுகளிலும் காணலாம். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூறு புகழ்கிறது. புலவர் கூற்றைச் சற்றுத் தள்ளுபடி செய்தே ஏற்க வேண்டும். எனினும் அத்தகைய வில்லாண்மையை வியக்கும் சமுதாயம் ஒன்று இங்கே இருந்தது என்பதில் ஐயமில்லை.

பழங்கால இந்திய வில் பெரும்பாலும் மூங்கிலால் ஆனது. காலாள் தன் உயரமே உள்ள வில்லைத் தரையில் ஊன்றி, இடக்காலால் அழுத்தி நாணை இழுத்தான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஆரியன் எழுதுகிறார். கி.மு. 326-இல் அலெக்சாந்தரைப் போரஸ் எதிர்த்தபோது, மழைச் சேற்றில் வில்லை ஊன்ற இயலாமல் வீரர் தவித்தனராம். வடக்கே குதிரையேறி வந்தோரின் வில் வேறு வகை. நடுவே மரம், எய்பவன் பக்கம் கொம்பு, வெளிப்பக்கம் விலங்கின் தசைநார் என ஒட்டிச் செய்த கூட்டுவில் அது. குட்டையானது, ஆனால் விசை மிகுந்தது. ஈரம் பட்டால் பசை இளகிவிடும் என்பதே அதன் குறை. ஆங்கிலேயர் யூ மரத்தில் ஆளுயர நெடுவில் செய்து 1415-இல் அஜின்கூர் களத்தில் பிரெஞ்சுப் படையை வீழ்த்தினர்.

நெடுவில்லுக்கு இளமை முதலே பயிற்சி வேண்டும். கட்டையின் மேல் கிடையாகப் பொருத்தி, விசையைத் தட்டி எய்யும் குறுக்குவில்லுக்கு அது தேவையில்லை. நேற்றுவரை ஏர் பிடித்தவன் இன்று கவசமணிந்த பிரபுவை வீழ்த்தலாம். இது பிரபுக்களை அச்சுறுத்தியதில் வியப்பென்ன? 1139-இல் திருத்தந்தை இரண்டாம் இன்னசெந்து கூட்டிய இரண்டாம் லாத்தரன் பொதுச்சங்கம், தன் 29-ஆம் விதியில் குறுக்குவில்லையும் வில்லையும் பயன்படுத்துவதைத் தடை செய்து, மீறுவோரைச் சபைநீக்கத்துக்கு உள்ளாக்கியது. ஓர் ஆயுதத்தைக் கண்டு திருச்சபையின் மனச்சான்று நடுங்கியது என்பதில் நாம் மகிழலாம். ஆனால் விதியில் ஒரு சிறு தொடர் உண்டு: கிறிஸ்தவர்களுக்கு எதிராக என்பதே அது. பிறர் நெஞ்சில் அம்பு பாய்வதைப் பற்றி விதி வாய் திறக்கவில்லை. அந்தப் பாதித் தடையையும் மன்னர்கள் மதிக்கவில்லை. குறுக்குவில் வீரரைத் தன் படையில் வைத்திருந்த இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டே, 1199-இல் பிரான்சின் சாலூ கோட்டை முற்றுகையில் குறுக்குவில் அம்பு பட்டு மாண்டார்.

அந்தச் சிறு தொடர் நீங்க எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. முழு நகரங்களையும் அவற்றின் மக்களோடு கண்மூடித்தனமாக அழிக்கும் போர்ச்செயலை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கண்டித்தபோது, அம்மக்கள் எச்சமயத்தார் என்று கேட்கவில்லை.

துப்பாக்கி வந்தபின் வில் விளையாட்டாயிற்று. 1969-இல் அமெரிக்கர் ஆலென் காப்புரிமை பெற்ற கப்பிவில்லில், நாணை முழுதாக இழுத்த நிலையில் கைக்குச் சுமை குறைந்துவிடும். பென்னலூரைச் சுற்றியுள்ள ஆலைகளில் உழைப்போருக்குக் கப்பியின் சூட்சுமத்தை நான் விளக்க வேண்டுவதில்லை. கைகளின்றிப் பிறந்த காஷ்மீர்ப் பெண் சீத்தல் தேவி, அவ்வில்லைக் காலால் தாங்கி, தோளால் நாண் இழுத்து, 2024-இல் பாரிசு மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் இராகேசு குமாருடன் கலப்புக் குழுப் பிரிவில் வெண்கலம் வென்றார்.

நெல்லை, குமரி மாவட்டங்களிலோ வில்லுக்கு அம்பே கிடையாது. குடத்தின் மேல் வில்லைக் கிடத்தி, மணிகள் குலுங்க வீசுகோலால் நாணைத் தட்டிக் கதை பாடுகின்றனர். புனிதர் வரலாறுகளும் அவ்வில்லில் பாடப்படுகின்றன.