பற்றும் குறடும் இழுக்கும் சுத்தியலும்

ஓர் ஆணியை அடித்து இறக்குவது எளிது. இறங்கிய ஆணியை, அதன் தலை முறிந்தபின் வெளியே எடுப்பது அரிது. தச்சரும் கொல்லரும் தொன்றுதொட்டு அறிந்த உண்மை இது. அடிப்பதற்குச் சுத்தியல் இருக்கிறது. பற்றுவதற்குக் குறடு இருக்கிறது. ஆனால் அடியின் வேகத்தையே இழுப்பாக மாற்றவேண்டுமானால் இவ்விரண்டும் ஒன்று சேர்தல் வேண்டும். அச்சேர்க்கையே, பூட்டுக் குறட்டின் வாலில் திருகப்படும் சறுக்குச் சுத்தியல். மோட்டார்ப் பட்டறைகளில் முன்னதை 'வைஸ் கிரிப்' என்றும் பின்னதை 'ஸ்லைடு ஹாமர்' என்றும் வழங்குவர். இவ்விரு கருவிகளும் ஒன்றுகூடிய வரலாற்றை நாம் இங்கே சிறிது காண்போம்.

முதலில் குறட்டைப் பார்ப்போம். சாதாரணக் குறடு, கை அழுத்தும் வரையில்தான் பற்றும். கை தளர்ந்தால் அதுவும் தளரும். கொல்லனுக்கோ ஒரு கையில் சம்மட்டி இருக்கவேண்டும். இத்தொல்லையை நன்கு உணர்ந்தவர் வில்லியம் பீட்டர்சன் என்னும் கருமான். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர் அவர். நெப்ராஸ்கா மாநிலத்தில் டி விட் என்னும் சிற்றூரில் பட்டறை நடத்திவந்தார். பிறந்த மண்ணை விட்டு அயலிடத்தில் தொழில் செய்வோருக்கு உறவினர் போன்றவர் என்று அவரைக் கூறலாம்.

வேலைப்பொருளைத் தானே பற்றிக்கொண்டு நிற்கும் குறடு ஒன்றைச் செய்ய அவர் முனைந்தார். 1921ஆம் ஆண்டில் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். கைப்பிடி பூட்டிக்கொள்ளும் திருந்திய வடிவத்துக்கு 1924இல் உரிமை கிடைத்தது. பட்டறை மேசையிலுள்ள வைஸைப் போல இறுகப் பிடிப்பதால் 'வைஸ் கிரிப்' என்று அதற்குப் பெயரிட்டார்.

அது பூட்டிக்கொள்ளும் விதம் அழகானது. கீழ்க் கைப்பிடியில் ஒரு சிறிய இணைப்புத் துண்டு இருக்கிறது. கைப்பிடியை அழுத்தும்போது அதன் கணுக்கள் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கின்றன. அந்நேர்கோட்டைச் சற்றே கடந்துவிட்டால், தாடைகளின் எதிர்ப்பே கைப்பிடியை மேலும் மூடி வைக்கிறது. கையை எடுத்தாலும் பிடி விடுவதில்லை. நாம் மனத்தில் கொள்ளவேண்டியது இன்னொன்று உண்டு. மேல் கைப்பிடியின் வாலிலிருந்து உள்ளே செல்லும் ஒரு திருகுதான் தாடைகளின் அகலத்தையும் அழுத்தத்தையும் நிர்ணயிக்கிறது. சறுக்குச் சுத்தியல் பின்னாளில் நுழைந்த வாயில் அந்தத் திருகின் மரையேயாகும்.

பீட்டர்சன் இக்குறடுகளைத் தம் காரில் ஏற்றிச் சென்று, அக்கம்பக்கத்து ஊர்களின் உழவர்களிடமும் மெக்கானிக்குகளிடமும் விற்றார். 1934இல் அவருடைய குடும்பத்தார் பெயரால் கம்பெனி ஏற்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராணுவத் தொழிற்சாலைகளிலிருந்து ஆர்டர்கள் வந்தன. வெல்டிங் செய்யும் தொழிலாளிக்கு, இரு தகடுகளைச் சேர்த்துப் பிடித்து நிற்கும் மூன்றாவது கையாக அக்குறடு உதவியது. எளிதில் விடுவிப்பதற்கான சிறு நெம்புகோல் 1957இல் சேர்ந்தது.

இனிச் சறுக்குச் சுத்தியலுக்கு வருவோம். ஒரு நீண்ட தண்டு. அதில் தடையின்றி ஓடும் கனமான உருளை. தண்டின் கடைசியில் ஒரு தடுப்பு. தண்டின் மறுமுனை, இழுக்கவேண்டிய பொருளைப் பற்றியிருக்கும். உருளையைக் கையால் பிடித்து வேகமாகப் பின்னுக்குத் தள்ளினால், அது தடுப்பில் மோதுகிறது. அம்மோதலின் வேகம் முழுவதும் தண்டின் வழியே இழுப்பாகச் செல்கிறது. மோதும் பொருள்களின் விதிகளை வாலிஸ், ரென், ஹைகன்ஸ் ஆகிய மூன்று அறிஞர்கள் 1668–69இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பினார்கள். இக்கருவியின் சூட்சுமம் அவ்விதிகளுக்குள் அடங்கியதே.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 கிலோ எடையுள்ள உருளை, விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தடுப்பை அடைகிறது என்று கொள்வோம். அது 1 மில்லிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுமானால், அக்கணத்தில் உண்டாகும் சராசரி இழுவிசை ஏறத்தாழ 900 கிலோ பாரம் தொங்கியதற்குச் சமமாகும். வெறுங்கையால் இவ்வளவு இழுக்க எந்த மல்லனாலும் இயலாது.

மோட்டார் வண்டிகளின் உடலமைப்பு மாறியதே இக்கருவிக்குப் பெரும் தேவையை உண்டாக்கியது. பழைய வண்டிகளில் நசுங்கிய தகட்டின் பின்புறம் கையை நுழைத்து, சுத்தியலால் தட்டி எடுக்க முடிந்தது. பின்னர், தனிச் சட்டம் இல்லாமல் உடலே சட்டமாக அமைந்த வண்டிகள் தோன்றின. 1934இல் வந்த பிரான்ஸ் தேசத்துச் சித்ரோவன் வண்டி அவ்வகையில் புகழ்பெற்றது. நம் நாட்டில் கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசடரும் அத்தகையதே. இவற்றில் பல இடங்களில் தகடு இரட்டையாக மூடியிருப்பதால் பின்புறம் கை எட்டுவதில்லை. ஆகவே வெளியிலிருந்தே இழுத்தாகவேண்டும். தகட்டில் துளையிட்டுத் திருகைச் செலுத்தி இழுப்பது ஒரு முறை. தகட்டின் விளிம்பு கைக்கு அகப்படும் இடங்களில் துளை தேவையில்லை. பூட்டுக் குறட்டால் விளிம்பைக் கவ்விக்கொண்டு இழுக்கலாம்.

இந்த இணைப்பைச் செய்வது கடினமன்று. குறட்டின் வாலிலுள்ள திருகு முழுவதும் கழன்று வரக்கூடியது. அதன் இடத்தில் அதே மரையுள்ள ஒரு தண்டைத் திருகினால் போதும். ஆயினும் சில நுட்பங்களைக் கவனிக்கவேண்டும். புதிய தண்டின் நுனி, பழைய திருகின் நுனியைப் போலவே வழவழப்பாக இருக்கவேண்டும். ஏனெனில் இணைப்புத் துண்டு அதன்மேல்தான் ஊன்றி நிற்கிறது. அதிர்ச்சியில் தண்டு கழலாதபடி ஒரு பூட்டு நட்டு வேண்டும். குறட்டின் வாலிலுள்ள மரை, திருகின் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டதேயன்றி மோதலைத் தாங்கச் செய்யப்பட்டதன்று. ஆதலால் கனமான நட்டு ஒன்றை வாலில் வெல்டிங் செய்து, அதில் தண்டைத் திருகுவோர் உண்டு. அப்போது தாடைகளுக்கும் சுருள்வில்லுக்கும் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். சூடேறினால் எஃகின் பதம் கெடும்.

உருளையை லேத்தில் கடைந்துகொள்ளலாம். 60 மில்லிமீட்டர் விட்டமும் 100 மில்லிமீட்டர் நீளமும் உள்ள இரும்பில் 17 மில்லிமீட்டர் துளையிட்டால், அதன் எடை ஏறத்தாழ 2 கிலோ வரும். அது 16 மில்லிமீட்டர் தண்டில் தாராளமாக ஓடும். தடுப்புக்கும் உருளைக்கும் நடுவே விரல் அகப்பட்டால் எலும்பு முறியும். ஆகையால் உருளையின் இரு ஓரங்களும் தடித்து, கை பிடிக்கும் நடுப்பகுதி சற்றுக் குறுகி இருக்கும்படி கடைவது நலம். கண்ணாடி அணியாமல் இவ்வேலையில் இறங்கலாகாது. பலத்த அடி ஒன்றைவிட மென்மையான பல அடிகளே தகட்டைக் கிழிக்காமல் நிமிர்த்தும். இரண்டு மூன்று அடிகளுக்கு ஒருமுறை பூட்டு இறுகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

பட்டறையில் பிறந்த இவ்விணைப்பு மருத்துவமனைக்கும் சென்றிருக்கிறது. தொடை எலும்பு முறிந்தால் எலும்பின் குழலுக்குள் உலோக ஆணியைச் செலுத்தும் முறையை, ஜெர்மனியில் கீல் நகரத்து டாக்டர் கெர்ஹார்ட் குன்ட்ஷர் 1940இல் மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தார். எலும்பு கூடியபின் ஆணியை எடுக்க நேரும்போது, பழைய தச்சனின் கேள்வியே வைத்தியருக்கும் எதிர்ப்படுகிறது. துருப்பிடிக்காத எஃகாலான பூட்டுக் குறடும், அதன் வாலில் பொருந்தும் சறுக்குச் சுத்தியலும் இன்று அறுவைச் சாலைகளில் அதற்குப் பயன்படுகின்றன. கசங்கிய தகட்டை நிமிர்த்தும் அதே தத்துவம், நோயாளி ஒருவர் எழுந்து நடக்கவும் துணைசெய்கிறது.

டி விட் ஊரின் பிற்காலக் கதை அவ்வளவு இனிமையானதன்று. கம்பெனி கைமாறி, 2002இல் நியூவெல் ரப்பர்மெய்டு நிறுவனத்தைச் சேர்ந்தது. 2008 அக்டோபர் இறுதியில் அவ்வூர்த் தொழிற்சாலையை மூடி, உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றினார்கள். சுமார் 500 பேரே வாழும் ஊர் அது. சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து 300க்கு மேற்பட்டோர் வேலையிழந்தார்கள். குறட்டின் பெயர் மட்டும் கடைகளில் பழையபடியே விற்றுக்கொண்டிருந்தது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? பெயரை விலைக்கு வாங்கலாம், இயந்திரங்களைக் கப்பலேற்றலாம். ஆனால் எந்த மரையில் எந்தத் தண்டு பொருந்தும், எத்தனை அடிக்குத் தகடு இணங்கும் என்னும் அறிவு, செய்து பழகிய கைகளில்தான் இருக்கிறது. அக்கைகள் ஓய்ந்துவிட்டால் அதுவும் மறைந்துபோகும். பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் பட்டறைகளில் உழைக்கும் நம்மவர் பலர், தம் தேவைக்கேற்ப இத்தகைய இணைப்புக்களைத் தாமே செய்துகொள்கிறார்கள். அவற்றின் அளவுகளையும், நேர்ந்த இடையூறுகளையும், கண்ட மாற்று வழிகளையும் ஒரு குறிப்பேட்டில் தமிழில் எழுதிவைத்து, உடன் பழகும் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்களாயின், அது நம் தொழில் வரலாற்றுக்குச் செய்யும் சிறந்த தொண்டாகும்.